நர்ஸ் கோட்டுப் புத்தகம்

கோடை முடிவதற்குள் வீட்டு அலமாரியில் இருக்கிறதில் ஆறு புத்தகம், அதுவும் தன் கண்ணாலேயே படித்து முடிப்பது என்று டெய்லரக்கா அறிவித்தபோது, அவள் புருஷன் ஸ்டூல் மேல் நின்று அலமாரியின் மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே விழாமல் இருந்ததே பெரிய விஷயம். ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, இந்த வயதில் எதற்கு வேண்டாத வேலை என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். கேள்வி சும்மா மாதிரி வரவில்லை, அவருக்கே தெரிந்தது.

நூலகத்து வாசலில் குழந்தைகளுக்கென்று ஒரு தட்டி வைத்திருந்தார்களாம். விடுமுறைக்குள் இத்தனை புத்தகம் படித்தால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். இவள் உள்ளே போய்ப் பெரியவர்கள் சேரலாமா என்று கேட்டிருக்கிறாள். மேஜையில் இருந்த பெண் சிரித்துவிட்டு, பேட்ஜ் கிடைக்காது, ஆனால் நீங்களே உங்களுக்கு ஒரு சவால் வைத்துக்கொண்டால் யார் தடுக்கப் போகிறார்கள் என்றாளாம். அந்தப் பெண்ணின் வாயில் மண்ணைப் போட என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே, நல்லதுதான், படி என்றார்.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் புத்தகம் படிப்பது அவர் வேலை, கேட்பது அவள் வேலை. அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தையல்காரி. கையும் கண்ணும் ஊசிமுனையில் இருக்கிறவள் புத்தகத்தை எங்கே பிடிப்பது? அவர் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் புரூஃப் சார்தான். அட்டை ஒட்டும்போது கோணலானது, பாதிப் பக்கத்தில் மை அப்பியது என்று விற்பனைக்கு ஆகாத பிரதிகளை முதலாளி அவருக்குச் சும்மா கொடுத்துவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அவள் மிதித்துக்கொண்டே கேட்பாள். அவருக்கு நல்ல குரல். அண்டை வீட்டுக்காரர்கள்கூட ஜன்னல் பக்கம் வந்து நிற்பதுண்டு. இப்படியே இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

இந்த வருஷம் அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. மழைக்காலம் வரும்வரை மெஷினைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. மெஷினுக்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டு, ரெண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் நூலகத்துப் பக்கம் போனாள். வந்த வினை அப்படி வந்தது.

சரி, படித்தால் என்ன, குடியா முழுகிவிடும்? முழுகும் என்றுதான் அவர் பயந்தார். ஏனென்றால் அந்தப் புத்தகங்களில் இருந்ததை எல்லாம் அவர் அப்படியே படித்ததில்லை.

அச்சகத்தில் அவரை மாதிரி கறாரான ஆள் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கதையில் ஒரேயொரு வார்த்தை, இதைவிட அது நன்றாக இருக்குமே என்று மாற்றிவிட்டார். எழுதியவர் நேரில் வந்து, உங்க வேலை எழுத்தப் பாக்கறது, என் கதைய இல்ல என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அடுத்தவன் கதையில் ஒரு கமாவைக்கூட அவர் நகர்த்தியதில்லை. அப்படிப்பட்ட மனுஷர் சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டியிடம், காய்ச்சல் வந்த எந்தக் குழந்தையையும் கதைக்குள் சாகவிட்டதில்லை.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பேச ஆரம்பித்து, வாசலில் போகிற எல்லாரையும் மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வயது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்கப்புறம் அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். அழவும் இல்லை. அதே ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ்களுக்கான வெள்ளைக் கோட்டு ஆர்டர் வந்தபோது, வேண்டாம் என்று அவர் சொல்லியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து இருட்டும்வரை அதையே தைத்தாள். அவளை எப்படியாவது கொஞ்சம் கதைப் பக்கம் இழுக்கலாம் என்று அவர் ஒரு நாவலை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். ஒரு படகுக்காரனும் அவன் சின்னப் பெண்ணும். முதல் பாதிக்கு அவர்தான் புரூஃப் பார்த்திருந்தார், சிரிப்பும் வேடிக்கையுமாகப் போகிற கதை. இரண்டாம் பாதி வேறொருவர் மேஜைக்குப் போயிருந்தது. பெரிய புத்தகம் என்றால் இப்படிப் பிரித்துக் கொடுப்பது அச்சகத்து வழக்கம். முடிவு என்னவென்று அவருக்குத் தெரியாது. கடைசி அத்தியாயத்தில், வெள்ளத்தில், காய்ச்சலில் கிடக்கிற குழந்தையைப் படகில் போட்டுக்கொண்டு அப்பன் துடுப்பு வலிக்கிற இடத்துக்கு வந்தபிறகுதான், கண் நாலு வரி முன்னால் ஓடி, அடுத்து என்ன வரப்போகிறது என்று பார்த்துவிட்டது. பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. அச்சில் இருந்ததை விட்டுவிட்டு, வாய்க்கு வந்ததைப் படித்தார். படகுக்காரன் துடுப்பைப் போட்டுவிட்டு, தன் தலைத்துணியைப் படகிலிருந்த அடுப்புச் சூட்டில் காட்டி, குழந்தையின் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான், கடைசியில் அது கண்ணைத் திறந்து, அப்பா, கரை வந்துருச்சா என்று கேட்டது. மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. அப்பாடா, பிழைத்தோம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு தடவை செய்துவிட்டால் அப்புறம் என்ன கூச்சம்! அதற்குப் பிறகு எந்தக் கதையில் எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் அவர் உடனே டாக்டரைக் கூட்டி வந்துவிடுவார். கிணற்றில் விழுந்ததை எடுத்தார், தொலைந்ததைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். அவள் நிம்மதியாகத் தைத்தாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவளுக்குத் தெருப் பிள்ளைகள் மேல் பாசம் அதிகம். யார் வீட்டிலாவது குழந்தைக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், தைக்கிறதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள், துணியைச் சூடு காட்டி அதன் உள்ளங்காலில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நல்ல மனசு என்று ஊரே சொல்லும். அவரும் சொல்லியிருக்கிறார்.

புத்தகங்களைத் தேர்ந்தெடுத்த அன்று மத்தியானம் வீடு துணிக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவர் மேலேயிருந்து எடுத்துக் கொடுக்க, அவள் இடது கையால் வாங்கித் தரையில் பரப்பினாள். அவளுக்குப் புத்தகத்தின் பெயர் எதுவும் ஞாபகத்தில் நிற்காது. அது படிக்கப்பட்ட காலத்தில் என்ன தைத்துக்கொண்டிருந்தாளோ அதுதான் பெயர். திரைச்சீலைப் புத்தகம், காலர் இல்லாத சட்டைப் புத்தகம், பேண்டு வாத்தியக்காரர் உடுப்புப் புத்தகம். குதிரை வண்டிக்காரன் வருகிற கதைக்குத் தலையணை உறைப் புத்தகம் என்று பெயர். அவர் பங்குக்கு, இது எழுத்து பொடிசு, கண்ணைக் கெடுக்கும், இது கனம், தோளுக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கழிக்கப் பார்த்தார். அவள் காதில் வாங்கினால்தானே. ஒவ்வொன்றையும் கையில் எடுத்தாள், திருப்பினாள், பின்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள், கீழே வைத்தாள். சில புத்தகங்களுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அவர் தூசியில் தும்மிக்கொண்டே, பைண்டிங் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். கடைசியில் ஆறு புத்தகங்களை மெஷின் மேல், போர்வைக்கு மேலேயே, அடுக்கி வைத்தாள். அடியில் நர்ஸ் கோட்டுப் புத்தகம், அந்தப் படகுக்காரன் கதை, இருந்தது.

"இத விட்டுடேன். வேற நல்லதா தரேன்" என்றார்.

"கடைசியா படிச்சுக்கறேன். இருக்கட்டும்" என்றாள்.

அவள் படிக்கிற விதம் வேடிக்கையாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, உதடு அசைய, விரலை வரிக்கு அடியில் ஓட்டி, ஒரு பக்கத்தை முடிக்கக் கால்மணி நேரம். நிறுத்துகிற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு துண்டுத் துணி. முதல் இரண்டு புத்தகங்களில் யாருக்கும் காய்ச்சல் வராது, அவர் தைரியமாக இருந்தார். ஆனால் அங்கேயும் அவர் குட்டு வெளிப்படத்தான் செய்தது. மழை பெய்கிறதை இந்த ஆள் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறான், நீங்கள் ஒரே வரியில் பெய்ய வைத்து நிறுத்திவிட்டீர்களே என்று கேட்டாள். அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று சப்பைக்கட்டு கட்டினார். தலையணை உறைப் புத்தகத்தைப் பாதி படித்துவிட்டு, இந்தக் குதிரை வண்டிக்காரன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறானே, அவன் அடிக்கிற ஜோக்கெல்லாம் எங்கே போயிற்று என்று தேடினாள். அவை எல்லாம் அச்சகத்தில் பைண்டர் அடித்த ஜோக்குகள். அவர் அசடு வழியச் சிரித்தார், அவளும் வயிறு குலுங்கச் சிரித்தாள். தோள் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீங்க என்றாள். இத்தோடு போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் ஏங்கினார்.

மூன்றாவது புத்தகத்திலும் நாலாவதிலும் குழந்தைகள் இருந்தார்கள். அவற்றை முடித்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. துண்டுத் துணியை எடுத்து அடுத்த புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். கேட்டாலாவது ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், கேட்காமல் இருக்கிறவளிடம் என்ன செய்வது? ஒருவேளை மறந்திருப்பாள் என்று ஒரு நாள் நினைப்பார். அடுத்த நாள், இவளாவது மறப்பதாவது என்று தோன்றும். தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் என்ன என்று ரெண்டு தடவை அவள் பக்கத்தில் போய் நின்றார். தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

ஐந்தாவதையும் முடித்து அவள் நர்ஸ் கோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்த வாரம்தான் அவருக்குப் புத்தி அப்படிப் போயிற்று. காலையில் தோளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு அவள் கிளம்பிப் போனதும், கதவைச் சாத்தினார். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், அதை மடித்து நடுவில் நூல் போட்டுத் தைத்துத்தான் புத்தகம். அவருக்குத் தெரியாததா. அவள் பெட்டியிலிருந்தே தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்து, கடைசி ஃபாரத்தின் நூலை ஒவ்வொன்றாக அறுத்து, முதுகுப் பசையிலிருந்து மெல்ல உரித்தெடுத்தார். கிழித்துப் போடத்தான் நினைத்தார், ஆனால் அச்சடித்த தாளைக் கிழித்துப் பழக்கமில்லை. தன் பழைய புரூஃப் கட்டுக்குள் செருகி வைத்தார். திருட்டுப்பயல் மாதிரி இருந்தது. இத்தனை வருஷ வேலையில் அவர் பிழைகளை எடுத்திருக்கிறார், பக்கத்தை எடுத்ததில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, வெயில் ஏறின ஒரு மத்தியானம், அவள் புத்தகத்தோடு அவரிடம் வந்தாள்.

"கடைசில பக்கம் இல்லீங்க."

பைண்டிங்கில் விட்டிருப்பார்கள், அதனால்தானே நமக்குச் சும்மா கொடுத்தார்கள் என்று தயாராக வைத்திருந்ததைச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் எதிரில் இருந்த மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அப்ப அன்னிக்கு எதப் பாத்துப் படிச்சீங்க?"

ஊரார் பிழையெல்லாம் கண்டுபிடித்த மனுஷருக்கு இது தோன்றவே இல்லை. அச்சகத்தில் படித்தது, மனதில் இருந்தது என்று முனகினார்.

"சரி, மனசுல இருக்கறதச் சொல்லுங்க. முடிச்சாத்தான் என் கணக்குல சேரும்."

வேறு வழியில்லாமல் அவர் சொன்னார். வெள்ளம், படகு, துடுப்பு. சூடு காட்டின துணி. உள்ளங்காலைத் தேய்த்தது. அப்பா, கரை வந்துருச்சா. எல்லாம் அன்று சொன்னபடியே, வார்த்தை பிசகாமல் வந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"நான் எந்தத் துணியையும் திருப்பிப் பாக்காம எடுக்க மாட்டேன், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "அன்னிக்கு அலமாரியிலருந்து எடுத்தப்பவே ஒவ்வொண்ணுலயும் கடைசிய படிச்சுட்டேன். இதையும்தான். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நூல அறுக்கப் போவீங்கன்னு நெனக்கல."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"உனக்குத் தாங்காதுன்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பாதிதான் உண்மை, இனிமேலும் பாதியைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. "எனக்கே வாய் வரல" என்றார். "அந்த வரிய என்னால வாய்விட்டுப் படிக்க முடியல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நம்ம பாப்பாவுக்கு நான் கால் தேச்சு விடல" என்றாள். "நெத்தியில ஈரத்துணி போட்டேன். மருந்து குடுத்தேன். கால் சில்லுன்னு இருந்துச்சு, தொட்டுப் பாத்தேன், தேய்க்கணும்னு தெரியல. அப்புறம் நீங்க இதப் படிச்சீங்க. ஒரு படகுக்காரனுக்குத் தெரிஞ்சது பெத்தவ எனக்குத் தெரியலையேன்னு... அன்னிலருந்து அதேதான் நெனப்பு. எல்லார் கதையிலயும் புள்ள பொழைச்சுக்குது. நான்தான் விட்டுட்டேன்."

தெருப் பிள்ளைகளின் காலடியில் அவள் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்முன் வந்தன. நல்ல மனசு, நல்ல மனசு என்று அவரும் சேர்ந்து சொன்னாரே. அந்த உள்ளங்காலும் சூட்டுத் துணியும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவில், திணறிப்போய், அவர் வாயில் வந்து விழுந்தவை. அதை வைத்துக்கொண்டு இவள் இத்தனை வருஷம் தன்னைத் தானே தின்றிருக்கிறாள். அது நான் கட்டி விட்டது, அதனால் எந்தக் குழந்தையும் பிழைக்காது என்று சொல்ல வந்தார். அவள் அதையும் புரிந்துகொண்டவள்போல் கையமர்த்தினாள்.

"அந்தப் படகுக்காரனும் புள்ளயப் பறிகொடுத்துட்டு உக்காந்திருந்தான்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, நானும் அவன்கூட உக்காந்து அழுதிருப்பேன்" என்றாள். பிறகு, "எடுத்துட்டு வாங்க. எங்கயோ வெச்சிருப்பீங்க. கிழிச்சிருக்க மாட்டீங்க" என்றாள்.

புரூஃப் கட்டிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து வந்தார். எப்போதும் போடுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். அவள் மெஷின் மேலிருந்த போர்வையை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, ஸ்டூலைத் திருப்பி மெஷினைப் பார்க்க உட்கார்ந்தாள். அவர் விரலை வரிக்கு அடியில் வைத்து, அச்சில் இருந்தது இருந்தபடி படிக்க ஆரம்பித்தார். வெள்ளம் ஏறியது. படகுக்காரன் குழந்தையைப் படகில் கிடத்தினான். துடுப்பு வலித்தான். தூரத்தில் கரையில் ஒரு விளக்கு தெரிந்தது. மெஷின் ஓடாமல் அவர் அவளுக்குப் படித்ததே இல்லை, தன் குரல் வேறு யாருடையதோ போல் கேட்டது.

அந்த வரி வந்தது. விரல் அதன் அடியில் நின்றுவிட்டது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, பெரிய பெரிய எழுத்து, ஒரு பிழையில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை நீட்டி மெஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காலை வைத்து மிதிக்கத் தொடங்கினாள். ஊசியில் நூல் இல்லை, அடியில் துணி இல்லை. பழைய சத்தம் மெல்ல அறை முழுக்க வந்து சேர்ந்தது. அவள் மிதித்துக்கொண்டே காத்திருந்தாள். அவர் அந்த வரியைப் படித்தார்.